பத்து லிட்டருக்குள் ஒரு காற்றுப் பாதை

ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிராம். அதை 10 டிகிரி சூடாக்க 12 ஜூல் ஆற்றல் போதும். ஆகவே, அறையிலிருந்து உள்ளே போகும் ஒரு லிட்டர் காற்று பத்து டிகிரி சூடேறி வெளியே வந்தால், அது சுமந்து வருவது 12 ஜூல்தான். கேம் ஆடும்போது 300 வாட் இழுக்கும் ஒரு கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்வோம். அது இழுக்கும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகத்தான் முடிகிறது. போட்ட கணக்கும் வரைந்த படமும் அதில் எதையும் சேமித்து வைப்பதில்லை. நொடிக்கு 300 ஜூல் வெப்பம், 12-ஆல் வகுத்தால் நொடிக்கு 25 லிட்டர் காற்று. இந்தக் கம்ப்யூட்டர் 10 லிட்டர் கேபினெட்டுக்குள் இருந்தால், பெட்டிக்குள் இருக்கும் காற்று முழுவதும் ஒரே நொடியில் இரண்டரை முறை மாறியாக வேண்டும். உண்மையில் அதைவிடவும் வேகமாக மாற வேண்டும், ஏனென்றால் அந்தப் பத்து லிட்டரில் பெரும்பகுதியைப் பாகங்களே அடைத்துக்கொண்டிருக்கின்றன.

நாற்பது, ஐம்பது லிட்டர் டவர் கேபினெட்டுக்கும் இதே கணக்குதான். பெட்டி சிறுத்ததால் வெப்பம் குறையவில்லை, வேண்டிய காற்றும் குறையவில்லை. குறைந்தது வழி மட்டுமே. பெரிய டவரில் காற்று தப்பான பக்கம் போனாலும், மூலையில் சுற்றிக்கொண்டிருந்தாலும், ஏதாவது ஒரு ஃபேன் அதைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். சின்னப் பெட்டியில் அதற்கு இடமில்லை. உள்ளே வரும் ஒவ்வொரு லிட்டரும் ஒரே ஒரு முறை சூடாகி, திரும்பி வராமல் போய்ச் சேர வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் உயரக் கூலர், எத்தனை மில்லிமீட்டர் தடிமன் ஃபேன் என்று நாள்கணக்கில் யோசிப்பதெல்லாம் இந்த ஒரு நிபந்தனையை நிறைவேற்றத்தான்.

இன்டெல் 1995-இல் வகுத்த ஏடிஎக்ஸ் மதர்போர்டு 305 மி.மீ. நீளம், 244 மி.மீ. அகலம். தைவானின் வியா நிறுவனம் 2001-இல் மினி-ஐடிஎக்ஸ் என்ற அளவைக் கொண்டுவந்தது. 170-க்கு 170, அவ்வளவுதான். வியா அதைத் தன்னுடைய சிக்கனமான ப்ராசசர்களை மனத்தில் வைத்து உருவாக்கியது. நூற்றுக்கணக்கான வாட் இழுக்கும் கேமிங் மெஷின்கள் அந்தச் சின்னச் சதுரத்தின்மேல் எழுந்தது பிறகு நடந்த கதை. 2016-இல் மக்களிடம் முன்பணம் திரட்டி வெளிவந்த டான் ஏ4-எஸ்எஃப்எக்ஸ் என்ற கேபினெட்டின் கொள்ளளவு 7.2 லிட்டர். அதற்குள் முழு நீளக் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று அடங்கியது. மதர்போர்டையும் கார்டையும் முதுகோடு முதுகாக நிறுத்தி, இரண்டையும் மடங்கும் ரைசர் கேபிளால் இணைத்தார்கள். சாண்ட்விச் அமைப்பு என்று எல்லோரும் அழைப்பது இதைத்தான். இதில் ப்ராசசருக்கு ஒரு பக்கக் கதவு, கார்டுக்கு மறுபக்கக் கதவு. இரண்டும் தத்தம் ஜன்னல் வழியே அறைக் காற்றை நேராக இழுத்துக்கொள்ளலாம். ஆனால் ப்ராசசர் பக்கம் கூலருக்குக் கிடைத்த உயரம் 48 மி.மீ.தான். பெரிய டவர்களில் மாட்டும் நாக்டுவா என்எச்-டி15 கூலரின் உயரம் 165 மி.மீ. என்பதை நினைத்துப் பார்த்தால் நெருக்கடி புரியும்.

ஃபிராக்டல் நிறுவனத்தின் டெர்ரா என்ற 10.4 லிட்டர் கேபினெட் இந்த நெருக்கடியை அப்படியே கண்ணுக்குக் காட்டுகிறது. நடுவில் மதர்போர்டையும் கார்டையும் தாங்கும் தகட்டை இடமும் வலமும் நகர்த்தலாம். கூலருக்கு 48 மி.மீ. கொடுத்தால் கார்டுக்கு 72 மி.மீ. கிடைக்கும். கூலருக்கு 77 கொடுத்தால் கார்டுக்கு 43. கூட்டிப் பாருங்கள், இரண்டு முறையும் 120. அந்த 120 மில்லிமீட்டரைப் பங்கு பிரிப்பதில்தான் மெஷினின் குணமே தீர்மானமாகிறது. வீடியோ எடிட் செய்பவர் ப்ராசசர் பக்கம் அதிகம் கேட்பார், கேம் ஆடுபவர் கார்டு பக்கம். எனக்கு இந்த நகரும் தகடு மிகவும் பிடித்திருக்கிறது. இருக்கிற இடம் இவ்வளவுதான் என்று அது மறைக்காமல் சொல்லிவிடுகிறது.

வெப்பம் எங்கே பிறக்கிறது என்று பார்த்தால் இந்தப் பங்கீடு ஏன் இத்தனை முக்கியம் என்பது விளங்கும். 65 வாட் என்று விற்கப்படும் ரைசன் 7 7700 ப்ராசசர் முழு வேகத்தில் 88 வாட் வரை இழுக்கும். அதில் பெரும்பகுதி, சுண்டுவிரல் நகத்தளவு, சுமார் 70 சதுர மி.மீ. சிலிக்கான் துண்டு ஒன்றிலிருந்து கிளம்புகிறது. சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 100 வாட். வீட்டில் துணி தேய்க்கும் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு 200 சதுர சென்டிமீட்டர் இருக்கும் என்று வைத்தால், அதில் சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான். அதைப்போல் இருபது மடங்கு நெருக்கமான வெப்பத்தை 95 டிகிரிக்கு மேல் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறோம்.

பிடித்து வைப்பதில் பாதி வேலை பரப்புவது. நகத்தளவு இடத்தில் காற்று நேரடியாக எதுவும் செய்ய முடியாது. வெப்பத்தை முதலில் நூற்றுக்கணக்கான சதுர சென்டிமீட்டர் உலோகத் தகடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். செம்பு நல்ல கடத்தி, காற்றைவிடப் பதினைந்தாயிரம் மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அதுவும் போதாது. 6 மி.மீ. விட்டமும் 15 செ.மீ. நீளமும் கொண்ட கெட்டிச் செம்புக் கம்பி வழியாக 22 வாட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அனுப்ப வேண்டுமானால், இரு முனைகளுக்கும் இடையே 300 டிகிரி வித்தியாசம் வேண்டும். அப்படிப்பட்ட நான்கு கம்பிகளைப் போட்டாலும் நம்முடைய 88 வாட் ப்ராசசர் கருகிவிடும்.

அதே அளவுள்ள, உள்ளே கூடான செம்புக் குழாய் சில டிகிரி வித்தியாசத்திலேயே அந்த வேலையைச் செய்கிறது. அதுதான் ஹீட் பைப். குழாயிலிருந்து காற்றை முழுவதும் உறிஞ்சிவிட்டுக் கொஞ்சம் தண்ணீரை விட்டு மூடிவிடுவார்கள். காற்றில்லாத இடத்தில் தண்ணீர் கொதிக்க 100 டிகிரி தேவையில்லை. சூடான முனையில் 40 டிகிரியிலும் அது ஆவியாகும். ஆவி குளிர்ந்த முனைக்குப் பாய்ந்து அங்கே மறுபடி நீராகி, தான் கொண்டுவந்த வெப்பத்தை இறக்கிவைக்கும். குழாயின் உட்சுவரில் செம்புத் தூளை உருகாத அளவுக்குச் சூடேற்றி ஒட்டிய நுண்துளைப் படலம் உண்டு. அது அந்த நீரை நுண்புழை ஈர்ப்பால் சூடான முனைக்குத் திரும்ப இழுத்து வரும். பம்பு இல்லை, அசையும் உறுப்பு எதுவும் இல்லை. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் 88 வாட்டைச் சுமக்க, எல்லாக் குழாய்களிலும் சேர்த்து நொடிக்கு ஒரு சொட்டுக்கும் குறைவான தண்ணீர் ஆவியானால் போதும். ஏர் கூலர் என்று நாம் சொல்லும் பொருளுக்குள் சத்தமில்லாமல் ஒரு நீர்ச் சுழற்சி ஓடிக்கொண்டிருக்கிறது. 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் விண்வெளி மின்னாக்கிகளுக்காக இதை உருவாக்கினார். இன்று மேசைமேல் இருக்கிற பெட்டியிலும் மடிக்கணினியிலும் அது இருக்கிறது.

ஹீட் பைப் வெப்பத்தைத் தகடுகளில் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் காற்றின் முறை. இங்கே ஒரு சுவர் குறுக்கே நிற்கிறது. எத்தனை வேகமாகக் காற்று வீசினாலும் தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய அடுக்கு அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மேலே வேகம் படிப்படியாகக் கூடும். 1904-இல் ஹைடல்பர்க் நகரில் நடந்த கணித மாநாட்டில் லுட்விக் பிராண்டல் என்ற ஜெர்மானியர் இந்த எல்லை அடுக்கை விளக்கினார். விமான இறக்கைகளின் கணக்கெல்லாம் பிற்பாடு அதன்மேல்தான் எழுந்தது. வெப்பம் இந்த அசையாத காற்றைக் கடந்துதான் வெளியேற வேண்டும், காற்றோ மிக மோசமான கடத்தி. வேகமாக வீசினால் அந்த அடுக்கு மெலியும், குளிர்ச்சி கூடும். தகடுகளை நெருக்கி அடுக்கினால் பரப்பு கூடும். ஆனால் அளவுக்கு மீறி நெருக்கினால் இரு பக்கத்து எல்லை அடுக்குகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு இடைவெளியை அடைத்துவிடும், காற்று நுழையவே மறுக்கும். தகட்டு இடைவெளியில் அரை மில்லிமீட்டர் கூடுவதும் குறைவதும் கூலரின் குணத்தையே மாற்றிவிடுவது இதனால்தான்.

நுழைய மறுக்கும் காற்றைத் தள்ள வேண்டியது ஃபேன். ஃபேன் வாங்கும்போது எல்லோரும் பார்ப்பது மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று தள்ளும் என்ற எண்ணைத்தான். நாக்டுவாவின் புகழ்பெற்ற என்எஃப்-ஏ12x25 ஃபேனுக்கு அந்த எண் 102. நொடிக்கு 28 லிட்டர் வருகிறது. நமக்கு வேண்டிய 25 லிட்டருக்கு ஒரே ஃபேன் போதும் போலத் தோன்றும். ஆனால் அந்த 102 என்பது முன்னும் பின்னும் எதுவுமே இல்லாத வெட்டவெளியில் முழு வேகத்தில் அளந்த எண். அதே ஃபேனுக்கு இன்னொரு எண் உண்டு, 2.34 மில்லிமீட்டர் நீர் அழுத்தம். ஒரு குழாயில் இருக்கும் தண்ணீரை இரண்டேகால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக உயர்த்தும் அளவுதான் அதன் அதிகபட்சத் தள்ளும் வலு. எதிர்ப்பு அந்த அளவை எட்டினால் இறக்கை சுற்றும், காற்று நகராது. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே ஏதோ ஒரு புள்ளியில்தான் ஃபேன் நிஜத்தில் வேலை செய்கிறது. தகடுகள், துளையிட்ட பக்கக் கதவு, தூசி வடிகட்டி, குறுக்கே கிடக்கும் கேபிள் கட்டு எல்லாம் சேர்ந்து அந்தப் புள்ளியைக் கீழே இழுக்கின்றன. 28 லிட்டர் என்று வாங்கியது பெட்டிக்குள் பாதியாகிப் போவது சர்வ சாதாரணம்.

இடம் போதாமல் 25 மி.மீ. தடிமனுக்குப் பதில் 15 மி.மீ. மெலிந்த ஃபேனை மாட்டினால் நிலைமை இன்னும் இறுகும். அதே நிறுவனத்தின் 15 மி.மீ. ஃபேன் திறந்த வெளியில் 94 கன மீட்டர் தள்ளுகிறது. கிட்டத்தட்ட அதே அளவுதானே என்று தோன்றும். ஆனால் அழுத்தத்தில் அது 1.53 மி.மீ.தான், மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. இறக்கையின் ஆழம் குறைந்தால் முதலில் போவது இந்த வலுதான். என் கருத்தைச் சொன்னால், மெலிந்த ஃபேனை நெருக்கமான தகடுகளின்மேல் வைப்பதைவிட, எதிர்ப்பு குறைவான இடத்தில் வைப்பது நல்லது. கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கீழே, பெட்டியின் அடித்தட்டில் வெளிக்காற்றை உள்ளே கொடுப்பதற்கு அது அருமையாகப் பொருந்தும். கூலரின் தலையில் முடிந்தவரை தடித்த ஃபேனுக்கே இடம் தேட வேண்டும்.

சூடான காற்று மேலே போகும், அதனால் மேல்பக்கம் துளை வைத்தால் போதும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கணக்கு போட்டால் ஆச்சரியமாக இருக்கும். 20 செ.மீ. உயரப் பெட்டிக்குள் காற்று வெளியைவிட 20 டிகிரி சூடாக இருந்தால், அது தானாக மேலெழும்பும் அழுத்தம் சுமார் 0.16 பாஸ்கல். மேலே சொன்ன ஃபேனின் 2.34 மி.மீ. நீர் அழுத்தம் ஏறத்தாழ 23 பாஸ்கல். நூறு மடங்குக்கும் மேல்! ஃபேன் சுற்றும் பெட்டிக்குள் சூடான காற்றின் இயல்பு எடுபடாது. ஃபேன் தள்ளிய திசையில்தான் அது போகும், கீழ்நோக்கித் தள்ளினால் கீழே போகும். மேல்நோக்கிப் போகும் பாதையில் தவறொன்றும் இல்லை. ஆனால் அதற்காக மற்ற எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

இந்த இயல்பை மட்டுமே நம்பி ஒரு கம்ப்யூட்டரைச் செய்து பார்த்தவர்களும் உண்டு. ஆப்பிளின் பவர் மேக் ஜி4 கியூப் 2000-ஆம் ஆண்டு வந்தது. ஃபேன் கிடையாது, அடியில் நுழைந்த காற்று நடுப்புழை வழியே தானாக ஏறி மேலே வெளியேறும். 450 மெகாஹெர்ட்ஸ் ப்ராசசரின் சொற்ப வெப்பத்துக்கு அது தாங்கியது. விற்பனை கைகொடுக்காமல் அடுத்த ஆண்டே அதன் உற்பத்தி நின்றது. 2013-இல் அதே நிறுவனம் மேக் ப்ரோவை உருளை வடிவில் கொண்டுவந்தபோது பாடம் வேறாக இருந்தது. நடுவில் முக்கோணமாக ஒரு வெப்பத் தூண், அதன் மூன்று முகங்களிலும் ஒரு ப்ராசசர், இரண்டு கிராஃபிக்ஸ் போர்டு, உச்சியில் ஒரே ஒரு பெரிய ஃபேன். காற்றுப் பாதையாக மட்டும் பார்த்தால் அதைப்போல் நேர்த்தியானது அரிது. ஒரே நுழைவு, ஒரே வெளியேற்றம், நடுவில் தடையே இல்லை. ஆனால் மூன்று முகங்களும் ஏறக்குறைய சமமாகச் சூடாகும் என்ற ஊகத்தின்மேல் அது நின்றது. கிராஃபிக்ஸ் உலகமோ ஒரே பெரிய, மிகச் சூடான சிப்பை நோக்கி நகர்ந்தது. அந்த வடிவத்துக்குள் அதை ஏற்ற முடியவில்லை என்று 2017-இல் ஆப்பிளே ஒப்புக்கொண்டது. 2019-இல் வந்த மேக் ப்ரோ மறுபடியும் பெரிய டவர்தான்.

இனி சின்னப் பெட்டியின் மையச் சிக்கலுக்கு வருவோம். 48 மி.மீ. இடத்தில் 37 மி.மீ. உயரமுள்ள நாக்டுவா என்எச்-எல்9 கூலரை மாட்டுகிறோம். அதில் 23 மி.மீ. தகடு, அதன்மேல் 14 மி.மீ. ஃபேன். ஃபேனுக்கும் பக்கக் கதவுக்கும் நடுவே மிச்சம் 11 மி.மீ. ஃபேன் கதவின் துளைகள் வழியே அறைக் காற்றை இழுத்துத் தகடுகளுக்குள் ஊதுகிறது. காற்று மதர்போர்டில் மோதி நான்கு பக்கமும் சிதறுகிறது. போகிற போக்கில் ரேமையும் மின்சுற்றுகளையும் குளிர்விப்பது இந்த வகைக் கூலரின் நல்ல குணம். ஆனால் சிதறிய காற்று இப்போது சூடானது. அதற்குப் பக்கத்திலேயே, 11 மில்லிமீட்டர் சந்தில், ஃபேனின் வாய் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. கதவின் துளைகள் வழியே வெளிக்காற்றை இழுப்பதற்கு எதிர்ப்பு உண்டு. பக்கவாட்டில் சுற்றிவரும் சூடான காற்றை இழுப்பதற்கு எதிர்ப்பே இல்லை. ஃபேன் எளிதானதைத்தான் எடுத்துக்கொள்ளும். ஒரு முறை சூடான காற்று மறுபடி சூடாகி, மறுபடி உள்ளே வருகிறது. ஃபேன் கத்திக்கொண்டே இருக்கும், டிகிரி இறங்காது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு ஊதுபத்தி போதும். என் மெஷினில் கதவை மாட்டி, ஃபேனை நடுத்தர வேகத்தில் வைத்து, புகையை மெதுவாகக் கதவை ஒட்டி நகர்த்திப் பார்த்தேன். ஃபேனுக்கு நேர் எதிரே புகை நூல்போல் நீண்டு துளைகளுக்குள் பாய்ந்தது. இரண்டு விரற்கடை தள்ளிப் போனதும் புகை தயங்கியது. இன்னும் ஓரத்துக்குப் போனபோது வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டு, வளைந்து, திரும்பவும் நடுத் துளைகளை நோக்கி இழுபட்டது. கதவுக்கு உள்ளே மட்டுமல்ல, வெளியேயும் அதே காற்று சுற்றிக்கொண்டிருந்தது. மணிக்கணக்கில் படித்த வரைபடங்கள் விளக்காததை அந்தப் புகை ஒரு நிமிடத்தில் விளக்கிவிட்டது.

தீர்வு எளிமையானது. ஃபேனின் சட்டத்துக்கும் கதவுக்கும் இடையிலுள்ள சந்தை வளையமாக அடைத்துவிட வேண்டும். இதற்கென்றே பஞ்சு வளையங்களை நாக்டுவா விற்கிறது, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் தேவையான தடிமனுக்குக் கொண்டுவரலாம். பள்ளிப் பிள்ளைகள் கைவேலைக்கு வாங்கும் 5 மி.மீ. ஃபோம் ஷீட்டிலும் வெட்டிக்கொள்ளலாம். உள்வட்டம் இறக்கையின் சுற்றைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். வளையம் கதவைத் தொட்டு லேசாக அமுங்க வேண்டும், அமுங்கி இறக்கையைத் தொட்டுவிடக் கூடாது. வளையத்தைப் பொருத்திய பிறகு ஃபேனின் வாய்க்கு அறைக் காற்றைத் தவிர வேறு வழி இல்லை. அதே கூலர், அதே வேகம், ப்ராசசரின் வெப்பநிலை சில டிகிரி இறங்கிவிடும். ஐந்து ரூபாய்ப் பொருள் ஆயிரக்கணக்கான ரூபாய்க் கூலருக்கு உயிர் கொடுக்கிறது. உள்ளே வந்த காற்று வெளியேறவும் தனி வழி இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. மேலேயோ பின்னாலேயோ ஒரு ஃபேன் வெளிநோக்கி ஊதினால் சுற்று முழுமையாகும்.

கிராஃபிக்ஸ் கார்டிலும் கதை இதுவே, வாட் மட்டும் அதிகம். கார்டின் ஃபேன்கள் கதவையோ அடித்தட்டையோ ஒட்டி இருப்பது நல்லது, உள்ளே பார்த்தபடி இருந்தால் தாம் உமிழ்ந்ததையே உறிஞ்சும். என்விடியா 2020-இல் வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 3080 கார்டில் சர்க்யூட் போர்டைக் குட்டையாக்கி, பின்பாதியில் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நேராக வெளியேறும்படி வைத்தார்கள். தகடுகளுக்குப் பின்னால் போர்டு என்ற சுவர் இல்லாததால் காற்று மோதித் திரும்புவதில்லை. ஆனால் சாண்ட்விச் பெட்டியில் அந்தக் காற்று நடுத்தகட்டில் முட்டுமா, வெளியேறுமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. இந்தப் பெட்டி மேசைமேல், காதிலிருந்து ஒரு முழ தூரத்தில் இருக்கும். ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும், ஆனால் சத்தம் சுமார் 15 டெசிபெல் இறங்கும். 10 டெசிபெல் இறங்கினாலே காதுக்குப் பாதியாகத்தான் கேட்கும். அதனால் ஒரு ஃபேன் முழு வேகத்தில் ஓடுவதைவிட, அதே ஃபேன்கள் இரண்டு பக்கம் பக்கமாகப் பாதி வேகத்தில் ஓடினால் காற்று அதே அளவு, சத்தம் 12 டெசிபெல் குறைவு. இடம் இருந்தால் இரண்டாவது ஃபேனுக்கு யோசிக்கவே வேண்டாம்.

இன்னொரு சத்தம் இருக்கிறது, பலரைக் குழப்புவது. ஃபேனைத் துளையிட்ட தகட்டை ஒட்டி மாட்டியதும் ஒரு ரீங்காரம் எழும். கையில் எடுத்துப் பார்த்தால் ஃபேன் அமைதியாக இருக்கும். துளைகளின் விளிம்புகளைக் கடந்துவரும் காற்றில் சிறு கலக்கங்கள் இருக்கும். ஒவ்வொரு இறக்கையும் அவற்றை வெட்டிக்கொண்டே சுற்றும். ஒன்பது இறக்கையுள்ள ஃபேன் நிமிடத்துக்கு 1200 சுற்று சுற்றினால் நொடிக்கு 180 வெட்டு, அதையே காது ஒரு சுதியாகக் கேட்கிறது. ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவே 5 மி.மீ. இடம் விட்டாலே கலக்கம் வெகுவாக அடங்கிவிடும். அந்த 5 மி.மீ. தேடித்தான் சில சமயம் ஒரு படி குட்டையான கூலரை வாங்க வேண்டியிருக்கும், அது சரியான பேரமே. அதோடு ஃபேனின் வேகத்தைச் சில நொடி தாமதத்தோடு மாறும்படி பயாஸில் அமைத்துவிடுங்கள். சிறிய கூலரில் உலோகம் குறைவு, ஒரு மென்பொருளைத் திறந்தாலே வெப்பநிலை எகிறி இறங்கும். ஃபேனும் கூடவே ஏறி இறங்கினால் அதைவிட எரிச்சல் வேறில்லை.

நம் ஊருக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. 95 டிகிரியைத் தாண்டக் கூடாத சிப்புக்கு, 21 டிகிரி அறையில் 74 டிகிரி இடைவெளி கிடைக்கிறது. சிப்பின்மேல் தடவிய வெப்பப் பேஸ்ட், செம்பு, தகடு, காற்று என்று ஒவ்வொரு கட்டமும் இந்த இடைவெளியைத்தான் பங்கிட்டுச் செலவழிக்கிறது. மே மாதச் சென்னையில் ஏசி போடாத அறையில் 35 டிகிரி என்றால் இடைவெளி 60. அதே கூலர் சுமக்கக்கூடிய வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு அப்படியே போய்விட்டது. குளிர்நாட்டு அறையில் 80 டிகிரியில் நின்றது என்று விமர்சனத்தில் படித்தால், நம் அறையில் 94 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஊட்டியில் இருப்பவர்களுக்கு வேறொரு கணக்கு. அறை குளிர்ந்திருக்கும், ஆனால் 2200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு லிட்டரும் அந்த அளவுக்குக் குறைவான வெப்பத்தையே சுமக்கும்.

காற்றால் முடியாததை மின்னழுத்தத்தால் முடிக்கலாம். சிப்பின் மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் அதிர்வெண்ணையும் பொறுத்தது. மின்னழுத்தத்தை மட்டும் 10 சதவீதம் குறைத்தால் செலவு 19 சதவீதம் குறையும். ப்ராசசர்கள் கடைசிச் சில சதவீத வேகத்துக்காகத்தான் அளவுக்கு மீறி வாட் இழுக்கின்றன. ஏஎம்டி போர்டுகளின் பயாஸில் இருக்கும் ஈகோ மோட் என்ற ஒரு சுவிட்ச், பெரிய ப்ராசசரை 88 வாட்டுக்குள் அடக்கிவிடும். வேகத்தில் இழப்பது பெரும்பாலான வேலைகளில் தெரியவே தெரியாது. 37 மி.மீ. கூலரை மாட்டுபவர் பெட்டியை மூடுவதற்கு முன் இதைச் செய்துவிடுவது நல்லது. அதைத் தோல்வியாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. கூலரும் சிப்பும் ஒன்றுக்கொன்று பொருந்துவதுதான் நல்ல வடிவமைப்பு.

சுற்றும் இறக்கையே இல்லாமல் காற்றைத் தள்ளும் முயற்சியும் தொடங்கிவிட்டது. ஃப்ரோர் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தின் ஏர்ஜெட் மினி 2.8 மி.மீ. தடிமன்தான். உள்ளே நுண்ணிய சவ்வுகள் காது கேளா அதிர்வெண்ணில் துடித்து, காற்றை மேலிருந்து உறிஞ்சிச் செம்புத் தகட்டின்மேல் பீய்ச்சுகின்றன. அதன் அழுத்தம் 1750 பாஸ்கல், நம் 120 மி.மீ. ஃபேனைப்போல் எழுபது மடங்குக்கும் மேல். அடர்த்தியான வடிகட்டி வைத்தாலும் காற்று நிற்காது, தூசி உள்ளே வராது. ஸோட்டாக் 2023-இல் கையடக்கக் கம்ப்யூட்டர் ஒன்றில் இவற்றில் இரண்டைப் பொருத்தியது. அவற்றில் ஒன்று அகற்றும் வெப்பம் சுமார் 5 வாட். 88 வாட் ப்ராசசருக்குப் பதினெட்டு வேண்டும், 300 வாட் மெஷினுக்கு அறுபது. இந்த நுட்பம் அந்த அளவுக்கு வளரும்வரை அந்தப் பதினோரு மில்லிமீட்டர் சந்தை ஃபோம் வளையத்தால் அடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.